அம்மாவின் வாயில் வராத பெயர்

என் பெயர் ஏரம்பு. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இதை எழுதி முடிப்பதற்குள் அந்தப் பெயர் பலமுறை வரப்போகிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். சும்மாவே கோபம் வருகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் என்னை "எறும்பு" என்றார்கள். எறும்பு என்றால் கடிக்கும்தானே என்று இரண்டு மூன்று பேரைக் கடித்தும் இருக்கிறேன். ஒருவனுடைய தாய் வீடு தேடி வந்து சண்டை பிடித்தார். என் அம்மா அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாரே தவிர, எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நாற்பது தாண்டிவிட்டது. வேலணையில் வீடு, ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் வேலை. மனைவி என்னை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாள். பிள்ளைக்கு நான் அப்பா. கந்தோரில் வயது குறைந்தவர்கள் "அண்ணை" என்கிறார்கள். என்னை "ஏரம்பு" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே பெண்குரல் வங்கியில் இருக்கிறது. அதுவும் பாதியில் நின்று, திரும்ப ஒருமுறை பார்த்து, இது சரியான பெயர்தானா என்று யோசித்துக் கூப்பிடும்.

அம்மா? அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிறந்த நாள் தொடக்கம் நான் அவருக்கு "அப்பன்". கோபமென்றால் "டேய்". அதற்குமேல் கோபமென்றால் ஒன்றுமில்லை. குசினிக்குள் பாத்திரம் சத்தமாக விழும், அவ்வளவுதான்.

காரணம் எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, பேரன்களில் ஒருவனுக்கு அப்பப்பாவின் பெயரை வைப்பது. தகப்பனுடைய தகப்பனைத்தான் அப்பப்பா என்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைச் சுமக்கப் பிறந்தவன். இரண்டாவது, மருமகள் மாமனாருடைய பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் மரியாதைக் குறைவு, வீட்டுக்குக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு மூளை எங்கே போயிருந்தது என்று நான் யோசிக்காத நாளில்லை. பிள்ளைக்கு ஒரு பெயரை வைத்துவிட்டு, பெற்றவள் மட்டும் அதைச் சொல்லக்கூடாது என்றால் அந்தப் பெயர் யாருக்கு? கிழவருக்குத்தான். செத்த பிறகும் அவர்தான் எங்கள் வீட்டில் ஏரம்பு. நான் அவருடைய பெயரைக் காவிக்கொண்டு திரிந்த கழுதை.

மற்ற வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மாமனார் கண்ணை மூடி ஆண்டுத் திவசமும் முடிந்த பிறகு தாய்மார் மெல்ல மெல்லப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். முதலில் தயங்கி, பிறகு சத்தமாக. யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அம்மா தொடங்கவேயில்லை. அதற்காக ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. "மாமன்ர பேரை இண்டைக்கும் வாயில எடுக்காத மனிசி" என்று கலியாண வீடுகளில் புது மருமகளுக்கு அம்மாவைக் காட்டிச் சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருப்பார். அடக்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்து நினைத்து எரிந்தேன்.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரம்பன் என்பது பிள்ளையாருடைய பெயர். வடமொழியில் ஹேரம்பன். ஐந்து முகம், பத்துக் கை, எலிக்குப் பதிலாகச் சிங்கத்தில் ஏறியிருக்கிற பிள்ளையார். திக்கற்றவர்களைக் காப்பவன் என்று பொருள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கோயில் ஐயர். எறும்பு என்று கூப்பிட்ட பொடியன்களுக்கு நான் சிங்கத்தில் ஏறினவன் என்று காட்டவேண்டும் என்பதற்காகவே அவரிடம் போய்க் கேட்டேன். வடமொழியின் தலை எழுத்தை வெட்டி, வாலில் ஒரு உகரத்தை ஒட்டி, எங்கள் ஆட்கள் அதை ஏரம்பு ஆக்கினார்கள். வயதும் காணியும் வந்தால் அது ஏரம்பர் ஆகும். ஒரு காலத்தில் தீவுப் பக்கம் தெருவுக்கும் ஒழுங்கைக்கும் ஒரு ஏரம்பர் இருந்திருக்கிறார். பழைய காணி உறுதிகளைப் பார்த்தால் எல்லை சொல்லுமிடத்தில் கிழக்கே ஏரம்பு காணி, மேற்கே ஏரம்பு மகன் காணி என்று அவர்கள்தான் நிற்பார்கள்.

இப்போது? ஏரம்பு என்று பெயருள்ள ஒரு குழந்தையைக் காட்டுங்கள், என் மோட்டார் சைக்கிளைத் தருகிறேன். சாத்திரியார் ஒரு எழுத்தைக் கொடுக்கிறார். அதைக் கைப்பேசியில் தட்டுகிறார்கள். அது ஆயிரம் பெயரைக் கொட்டுகிறது. கூட்டிப் பார்த்து எண் சரிவர வேண்டும் என்று நடுவில் ஒரு "ஷ்", கடைசியில் ஒரு "ஜன்". பொருள் என்ன என்று கேட்டால் "தெரியாது அண்ணை, வடிவா இருக்குது" என்கிறார்கள். அந்தப் பிள்ளையை அதன் தாய் முற்றத்தில் நின்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பொருள் இல்லாத பெயர், ஆனால் தாய் சொல்கிறாள். எனக்குப் பொருள் இருக்கிற பெயர். யாருக்கு வேண்டும் அந்தப் பொருள்!

ஒரு சம்பவத்தைச் சொன்னால் என் கோபம் விளங்கும். சின்ன வயதில் நயினாதீவு அம்மன் கோயில் தேருக்கு அம்மாவோடு போனேன். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே அம்மா என் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அங்கே போய் இறங்கி, கற்பூரச் சட்டிகளுக்கும் காவடிகளுக்கும் நடுவில் எங்கேயோ அந்தப் பிடி விட்டுப்போனது. நான் ஐஸ்பழக்காரனுக்குப் பக்கத்தில் நின்றேன். தொலைந்தால் நின்ற இடத்தில் நில் என்பது அம்மாவின் கட்டளை.

அம்மா ஒலிபெருக்கிக்காரரிடம் போயிருக்கிறார். பிள்ளையின் பெயர் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் கோயில் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தல் வந்தது. "வேலணையைச் சேர்ந்த அப்பன் என்று அழைக்கப்படும் சிறுவன், நீல நிறச் சேட், தாயார் இங்கே காத்திருக்கிறார்." கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அது நான்தான் என்று தோன்றவேயில்லை. எங்கள் ஊரில் பாதிப் பொடியன்களுக்கு வீட்டில் அப்பன்தான் பெயர். அன்றைக்கு அங்கே வந்திருந்த பாதிப் பேருக்கு நீலச் சேட்தான். யாரோ ஒரு பாவம் தாயைத் தொலைத்துவிட்டான் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். அழுதுகொண்டு நின்ற வேறு அப்பன்மார் இரண்டு பேரை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். கூட்டம் கலைந்து, ஐஸ்பழக்காரன் பெட்டியைச் சைக்கிளில் கட்டத் தொடங்கிய பிறகுதான் அம்மா என்னைக் கண்டுபிடித்தார்.

ஏரம்பு என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கூட்டத்தில் ஏரம்பு என்று பெயருள்ள ஒரே பொடியன் நான்தான் என்று சத்தியம் பண்ணுவேன். யாருக்கும் இல்லாத பெயரை வைத்திருப்பதில் இருக்கிற ஒரே இலாபம் அதுதான். அதைக்கூட அம்மா எனக்குத் தரவில்லை. வள்ளத்தில் திரும்பி வரும்போது என் தலையைத் தன் மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் விறைத்துக்கொண்டு கிடந்தேன். பிள்ளை தொலைந்தாலும் பரவாயில்லை, கிழவரின் மரியாதை தொலையக்கூடாது என்று இந்த மனிசி நினைக்கிறார். அந்த வயதில் எனக்கு அப்படித்தான் பட்டது.

அப்பப்பாவை எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது. சாய்மனைக் கதிரையில் கால் நீட்டியிருப்பார். இடுப்பில் அறைகளுக்கும் பெட்டகத்துக்குமான திறப்புக்கோர்வை. காணி, பனந்தோப்பு, புகையிலைத் தோட்டம், கோயிலில் ஒரு நாள் திருவிழா, எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றும் கெடுதல் செய்யவில்லை. மடியில் இருத்திக் கற்கண்டு தருவார். "என்ர பேரைக் காப்பாத்திப்போடு" என்பார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில் போய்ச் சேர்ந்தார். நடுவறையில் மாலை போட்ட படமானார். ஊரில் யாரைக் கேட்டாலும் "ஏரம்பர் ஒரு நேர்மையான மனிசன்" என்பார்கள். அந்த நேர்மை என்றால் என்னவென்று நான் கேட்டதில்லை. யுத்தத்தில் தீவை விட்டு எல்லாரும் ஓடிய காலத்தில் அந்தப் படமும் கதிரையும் வீட்டோடு போயின. திரும்பி வந்தபோது சுவரும் முற்றத்துக் கிணறும்தான் இருந்தன. கிணற்றுத் தண்ணீர் முன்போலவே உவர்.

எனக்குக் கலியாணம் பேசிய வருடம் ஒருநாள் அம்மாவிடம் நேரே கேட்டேன். சோறு போட்டுக்கொண்டு நின்றார்.

"எணை அம்மா, ஒருக்கா என்ர பேரைச் சொல்லணை."

"என்னத்துக்கு?"

"சும்மாதான். ஒருக்காச் சொல்லன். ஆள் செத்து எத்தினை வருசம்? படம்கூட இல்லை. ஆருக்குப் பயப்பிடுறாய்?"

"ஏலாது."

"என்ன ஏலாது? நாலு எழுத்தணை."

"ஏலாதெண்டா ஏலாது. சாப்பிடு."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். செத்த மனிசனுக்குக் கொடுக்கிற மரியாதையில் காற்பங்கை உயிரோடு இருக்கிற எனக்குக் கொடுக்கக்கூடாதா என்று கத்தினேன். அடிமைப் புத்தி என்றும் சொன்னேன். குசினிக்குள் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டேன், கோபத்தை விடவில்லை.

இந்த நிலையில்தான் கனடாவிலிருந்து அண்ணை வந்தார். பெரியப்பாவின் மகன். எங்களோடு பாசமான ஆள், அதை மறுக்கமாட்டேன். கையில் நான்கு காசு சேர்ந்தவுடன் ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நோய் அவருக்கும் பிடித்திருந்தது. கோயிலுக்குக் கோபுரம் ஏற்கெனவே யாரோ கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேடை வேறு யாரோ. அவர் குடிதண்ணீர்த் தாங்கி கட்டுவதென்று தீர்மானித்தார். எங்கள் ஒழுங்கைப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உவர்தான். நல்ல தண்ணீர் சாட்டி என்ற ஊர்ப்பக்கமிருந்து பவுசர் வண்டியில் வருகிறது. பவுசர் வந்து ஊற்றிவிட்டுப் போக, சனம் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. நல்ல விசயம். கட்டுவதோடு நிறுத்தியிருந்தால்.

"தம்பி, அப்பப்பான்ர பேரில செய்வம். உனக்கும் அந்தப் பேர்தானே, பெருமை" என்றார். பெயருக்குப் பொருள் என்னவென்றும் கேட்டார். நானும் மடையன் மாதிரி ஐந்து முகம், சிங்கம், திக்கற்றவர்களைக் காப்பவன் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அதை எழுதிவைத்துக்கொண்டார். கறுப்புக் கல்லில் பொன் எழுத்தில் "அமரர் ஏரம்பு நினைவாக" என்று வெட்டினார்கள். கந்தோரில் பகிடிக்குக் குறைவில்லை. "ஏரம்பு அண்ணை, உயிரோடை இருக்கேக்கையே கல் வைச்சிட்டினம்" என்றார்கள். மனைவி வேறு, கெட்ட நாளில் அந்தக் கல்லுக்கு முன்னால் போக வேண்டாம் என்றாள்.

திறப்புவிழாவில் முதல் தண்ணீரை அம்மாதான் பிடித்துக் குடிக்க வேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். அப்பப்பாவுக்கு ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே மருமகள் அம்மாதான். மாமனாரின் பெயரை இன்றுவரை வாயால் சொல்லாத உத்தமி. அதைவிடப் பொருத்தமான ஆள் ஏது? அம்மா வரமாட்டேன் என்றார். முழங்கால் நோகுது என்றார். ஓட்டோ பிடித்தோம். தலை சுத்துது என்றார். கதிரை போட்டோம். வற்புறுத்தியது நான்தான். இத்தனை வருடம் மரியாதை கொடுத்தாயே, வந்து அந்த மரியாதையை நாலு பேருக்கு முன்னால் காட்டிவிட்டுப் போ என்ற குத்தல் என் வற்புறுத்தலில் இருந்தது.

பந்தல், ஒலிபெருக்கி, மாலை, ஐயர் வந்து தெளித்த தீர்த்தம். பிறகு அண்ணையின் பேச்சு. கனடாவில் இருந்தால் தமிழ் கூடிவிடும் போலிருக்கிறது. "ஏரம்பன் என்றால் திக்கற்றவர்களைக் காப்பவன். பெயருக்கேற்ப வாழ்ந்தவர் எங்கள் பாட்டனார். தாகமென்று வந்தவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லாத பெருந்தகை" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மாவின் பக்கம் பார்த்தேன். கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவர் அப்படி நிமிர்ந்து நான் கண்டதில்லை.

குழாயைத் திறந்து, எவர்சில்வர் பேணியில் தண்ணீர் பிடித்து, அண்ணை அம்மாவின் கையில் கொடுத்தார். படம் எடுக்கிறவர் "ஆச்சி, கொஞ்சம் இஞ்சால பாருங்கோ" என்றார். அம்மா பேணியை வாங்கினார். வாங்கி, அப்படியே சரித்து நிலத்தில் ஊற்றினார்.

"ஏரம்புன்ர தண்ணி எனக்கு வேண்டாம்."

மைக் பக்கத்தில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊர். யாரோ சிரித்தார்கள். "ஆச்சி மகனோட கோவம்" என்றார் ஒருவர். "முழங்கால் ஏலாத மனிசியை இழுத்துக்கொண்டு வந்தா ஏசாதே?" என்றார் இன்னொருவர். "பெத்தவ பேர் சொல்லி ஏசுறது புதுசே" என்று ஒரு மாமி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மாமனாரின் பெயரை அந்த மருமகள் சொல்லுவாள் என்ற எண்ணமே ஒருவருக்கும் வரவில்லை. "அர்" என்ற மரியாதையும் இல்லாமல், வெறும் ஏரம்பு என்று. அப்படி நினைப்பதற்கு எங்கள் ஆட்களின் தலையில் இடமே இல்லை. அண்ணையும் சமாளித்துச் சிரித்துவிட்டு ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

எனக்கும் இடமில்லை. நானும் என்னைத்தான் சொன்னார் என்றே நினைத்தேன். வாழ்நாள் முழுக்கக் கேட்டுத் திரிந்த பெயர், ஒரேயொரு முறை அம்மாவின் வாயிலிருந்து வந்தது. வந்தது இப்படி, சபை நடுவில், வேண்டாம் என்ற சொல்லோடு சேர்ந்து. ஓட்டோவில் வீடு வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஓட்டோக்காரனுக்கும் சேர்த்து விழுந்திருக்கும்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்தேன்.

"சந்தோசமே இப்ப? ஒருக்காச் சொல்லு, ஒருக்காச் சொல்லு எண்டு கெஞ்சேக்கை ஏலாது. ஊருக்கு முன்னால வைச்சுத் திட்டுறதெண்டா மட்டும் ஏலுமே? நான் என்ன பாவம் செய்தனான் உனக்கு?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிப் படியில் இருந்தார்.

"உன்னையில்லை."

"பின்னை ஆரை? ஊரில எத்தினை ஏரம்பு கிடக்குது?"

"உன்னையில்லை எண்டுறன். அந்தாளை."

எந்த ஆள் என்று விளங்காமல் நின்றேன். என் அம்மா ஒரு மூத்தவரை "அந்தாள்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"தாகமெண்டு வந்தவைக்குத் தண்ணி குடுத்தவராம். இவன் கனடாவில இருந்து வந்து எனக்குச் சொல்லுறான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் கோர்வையாகச் சொல்லவில்லை.

கலியாணமாகி வந்த புதிது. குடிதண்ணீருக்குச் சாட்டிப் பக்கம் நடக்க வேண்டும், வெயிலுக்குள், வெறுங்காலோடு, மணலில். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. நான் இல்லை, எனக்கு முதல் ஒன்று. அப்படியொன்று இருந்ததே எனக்கு அன்றுவரை தெரியாது.

கிணற்றடியில் ஒரு பெண் நின்றாராம். எங்கள் ஆட்கள் இல்லை. ஊரில் "என்ன ஆக்கள்" என்று கேட்டால் சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் ஆட்களைக் கிணற்றில் கைவைக்க விடுவதில்லை. எங்கள் ஆட்களில் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டும். அம்மா அவருக்கு அள்ளி ஊற்றினார். பிறகு தன் குடத்தைத் தூக்கப்போனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் ஓடிவந்து குடத்தைத் தூக்கி அம்மாவின் இடுப்பில் வைத்துவிட்டார்.

"அவ்வளவுதான் அவ செய்தது. என்ர கையைப் பிடிச்சு, 'பிள்ளை, பாத்து நடவுங்கோ' எண்டவ" என்றார் அம்மா.

அம்மா வீடு வந்து சேர முன்னமே கதை வந்து சேர்ந்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே மாமனார் சொன்னாராம், "அதை வீட்டுக்குள்ள கொண்டு வராத. ஊத்து." அவர் எழும்பவுமில்லை, சத்தம் போடவுமில்லை. அம்மாவே தன் கையால் முற்றத்தில் கவிழ்த்து ஊற்ற வேண்டும். ஊற்றினார். குடத்தைப் புளி போட்டு மினுக்கச் சொன்னார். மினுக்கினார். திரும்பப் போய் அள்ளிவரச் சொன்னார், அந்த மத்தியானத்தில்.

"அப்பா?" என்று கேட்டேன்.

"கொப்பர் நிண்டவர்."

"நிண்டு?"

"நிண்டவர். பாத்துக்கொண்டு நிண்டவர்."

இரண்டாம் நடையில் பாதி வழியில் அம்மாவுக்கு வயிற்றில் நோ தொடங்கியிருக்கிறது. இருந்தும் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தார். அன்று பின்னேரமே பிள்ளை போய்விட்டது. ஆண்பிள்ளை. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீர்க்குடத்தைப் பற்றியும் சொல்லவில்லை. கொஞ்சக் காலம் கழித்து நான் பிறந்தேன். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து, உறவெல்லாம் கூடியிருக்க, மாமனார் தானே தன் பெயரை எனக்கு வைத்தார். அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. உள்ளறையில் என்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவருக்குக் கைதட்டல்தான் கேட்டதாம்.

உடனே போய் அந்தக் கறுப்புக் கல்லைச் சுத்தியலால் உடைக்க வேண்டும் போலிருந்தது. நேர்மையான மனிசனாம். திக்கற்றவர்களைக் காப்பவனாம். அதை அண்ணைக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கிழவரின் மடியில் இருந்து கற்கண்டு தின்றவனும் நான்தான். அடிக்க ஆளில்லை, ஏச ஆளில்லை. கதிரையும் இல்லை, படமும் இல்லை. எங்கள் அப்பாவும் இல்லை. எல்லாரும் நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊர் இன்றைக்கும் அதே ஊர்தான். தாங்கிக்குக் குழாய் எத்தனை வைப்பது என்று அண்ணை கேட்டபோது, "ரெண்டு வையுங்கோ, எல்லாரும் ஒண்டிலை பிடிக்கமாட்டினம்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதும், நாங்கள் கேட்காதவர்கள் மாதிரி நின்றதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு குழாய்தான் வைத்திருந்தார்கள்.

கோபம் அம்மாவின் பக்கமும் திரும்பியது. உள்ளதைச் சொல்கிறேன்.

"இவ்வளவையும் வைச்சுக்கொண்டு என்னத்துக்கணை பேசாமல் இருந்தனீ? மரியாதை எண்டெல்லோ ஊரெல்லாம் உன்னைக் கும்பிட்டது. நானும் அப்பிடித்தானே நினைச்சு உன்னோட சண்டை பிடிச்சனான்."

"மரியாதையோ!" என்றார் அம்மா. காறித் துப்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "மருமகள் பேர் சொல்லக்கூடாதெண்டு வைச்சது எனக்கு வசதியாப் போச்சு. ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

"ஆள் செத்த பிறகாவது என்னை அந்தப் பேரால கூப்பிட்டிருக்கலாம்தானே?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். இது கூட விளங்கவில்லையா என்கிற பார்வை.

"எப்பிடியடா கூப்பிடுறது? ஏரம்பு எண்டு வாயெடுத்தா, நாசமாப் போ எண்டுதான் எனக்கு அடுத்த சொல் வரும். இண்டைக்கும் அப்பிடித்தான் வரும். உன்னை அப்பிடிக் கூப்பிடேலுமே?"